தாத்தாவோட பழைய காரை மறுபடி ரோட்டுக்குக் கொண்டு வரணுமா? மெக்கானிக்கைக் கூப்பிடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

ஊர்ல தாத்தா வீட்டு ஷெட்ல ஒரு பிரீமியர் பத்மினி நிக்குது. 1988 மாடல். மேல தார்ப்பாய், கீழ காத்து இறங்கின நாலு டயர். பல வருஷமா யாரும் ஸ்டார்ட் பண்ணலை. இப்போ நீங்க சம்பாதிக்கிறீங்க. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்குப் போறப்ப, "இதை ரெடி பண்ணி ஓட்டினா எப்படி இருக்கும்?"னு ஒரு ஆசை வருது.

ஆசை நியாயமானதுதான். ஆனா இந்த ஆசையில் இறங்கினவங்கள்ல நிறைய பேர் பாதியில் நிக்கறாங்க. காரணம் காசு இல்லாதது மட்டும் இல்லை, காசைத் தப்பான வரிசையில் செலவு பண்றதுதான். முதல்ல பெயிண்ட், அப்புறம் இன்ஜின், எல்லாம் முடிஞ்ச பிறகு "ஆர்சி புக் எங்கே?"ன்னு தேடறது. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடணும்.

சரியான வரிசை இது: முதல்ல உரிமை, ரெண்டாவது ஓட்டமும் பிரேக்கும், மூணாவது ஆர்சி புதுப்பிப்பு, கடைசியா அழகு. ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

1. அந்த கார் யாரோடது?

"எங்க தாத்தா கார்தான், என்னோடதுதான்"னு நினைக்கிறீங்க இல்லையா? சட்டம் அப்படி நினைக்காது.

தாத்தா உயில் எழுதாம காலமாகிட்டார்னு வைங்க. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொத்து பாட்டிக்கும் அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்காகப் போகும். காரும் சொத்துதான். அப்பா இருக்கும்போது பேரனான உங்களுக்கு நேரடியாகப் பங்கே கிடையாது. அதாவது நீங்க 3 லட்சம் செலவு பண்ணப் போற கார், சட்டப்படி பாட்டி, அப்பா, அத்தை, சித்தப்பா நாலு பேருக்கும் சொந்தம். ஷெட்ல துருப்பிடிச்சு நிக்கிற வரைக்கும் யாரும் கேட்க மாட்டாங்க. பளபளன்னு ரெடியாகி, யாராவது நல்ல விலைக்குக் கேட்ட அன்னைக்குத்தான் "அதுல எங்களுக்கும் பங்கு இருக்கே"ங்கிற பேச்சு வரும். அது அவங்க தப்பும் இல்லை.

செய்ய வேண்டியது என்ன?

- தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழை எடுங்க. இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.
- வண்டி யார் பேருக்கு மாறணும்னு குடும்பத்துல பேசி முடிவு பண்ணி, மற்ற வாரிசுகளின் சம்மதத்தை எழுத்துல வாங்குங்க.
- உரிமையாளர் இறந்த பிறகு பேர் மாத்த படிவம் 31. இறந்த 30 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தகவல், 3 மாசத்துக்குள்ள விண்ணப்பம் என்பதுதான் விதி. நிறைய வீட்டுல இந்தக் கெடு எப்பவோ தாண்டியிருக்கும். அதனால ஆர்டிஓ ஆபீஸ்ல நேரா போய்க் கேட்டுடுங்க.

தாத்தா நல்லபடியா இருக்கார்னா வேலை ரொம்ப சுலபம். படிவம் 29, 30-ல் அவரே கையெழுத்துப் போட்டு உங்க பேருக்கு மாத்திடலாம். வாரிசு சான்றிதழும் வேண்டாம், யார்கிட்டேயும் சம்மதமும் வேண்டாம்.

கையோட இன்னும் ரெண்டு விஷயம் பாருங்க. ஆர்சியில் இருக்கிற இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் இருக்கிறதோட ஒத்துப்போகுதா? அந்தக் காலத்துல பெட்ரோல் இன்ஜினை எடுத்துட்டு டீசல் இன்ஜின் மாட்டினவங்க நிறைய. அந்த மாற்றம் ஆர்சியில் பதிவாகலைன்னா புதுப்பிக்கும்போது மாட்டிக்குவீங்க. அடுத்து, பழைய மூணெழுத்து நம்பர் வண்டின்னா அதோட விவரம் ஆன்லைன் வாகன் பதிவுல ஏறாமலேயே இருக்கலாம். இல்லைன்னா ஆர்டிஓவில் முதல்ல அதை ஏத்தச் சொல்லணும்.

இதெல்லாம் முடியிற வரைக்கும் மெக்கானிக்குக்கு ஒரு ரூபாய் அட்வான்ஸ் கூட வேண்டாம்.

2. ஓடணும், அதைவிட முக்கியமா நிக்கணும்

உரிமை தெளிவானதும் முதல் செலவு பிரேக், டயர், ஒயரிங், பெட்ரோல் லைன். ஆர்சி புதுப்பிக்க வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி நிறுத்தணும். அவருக்கு உங்க பெயிண்ட் ஷைனிங் தேவையில்லை. வண்டி ஒழுங்கா ஓடுதா, நிக்குதா, லைட்டு எரியுதான்னுதான் பார்ப்பார்.

ஆர்வத்துல பேட்டரி மாட்டி உடனே சாவி போட்டுடாதீங்க. வருஷக்கணக்கா டேங்க்ல கிடந்த பெட்ரோல் பிசினாகி, கார்பரேட்டர் துளைகளை அடைச்சிருக்கும். டேங்க்கைக் காலி பண்ணிக் கழுவணும். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, சிலிண்டர்ல கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, கையால சுத்திப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட்டர் பக்கம் போகணும். ஜாம் ஆன இன்ஜினை அவசரப்பட்டு சுத்தினா, சில ஆயிரத்துல முடிய வேண்டிய வேலை முழு ஓவர்ஹாலா மாறிடும்.

டயர்ல பட்டன் நல்லா இருக்கேன்னு விட்டுடாதீங்க. பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும். 2309-னு இருந்தா 2009-ஆம் வருஷத்தோட 23-வது வாரம் தயாரானதுன்னு அர்த்தம். நாலு இலக்கமே இல்லைன்னா அது 2000-க்கு முந்தின டயர். அந்த வயசு ரப்பரை நம்பி 60 கிலோமீட்டர் வேகத்துல போகக் கூடாது.

இன்னொண்ணு, இப்போ பங்க்ல கிடைக்கிறது இ20 பெட்ரோல், அதாவது 20 சதவீதம் எத்தனால். பத்மினி, அம்பாசடர் காலத்து ரப்பர் ஹோஸும் சீலும் எத்தனாலுக்காகச் செஞ்சது இல்லை. ஊறி, வெடிச்சு, சூடான இன்ஜின் மேல கசிஞ்சா தீ விபத்துதான். எத்தனால் தாங்கும் ஹோஸ்களை மாத்தறது ரொம்பச் சின்ன செலவு. இதைத் தள்ளிப் போடாதீங்க.

3. ஆர்சி புதுப்பிப்பு: எவ்வளவு ஆகும்?

சொந்த உபயோக காருக்கு ஆர்சி 15 வருஷம். அதுக்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை படிவம் 25-ல் புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய அரசு அறிவிப்புப்படி 20 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். புதுப்பிக்காம விட்ட ஒவ்வொரு மாசத்துக்கும் காருக்கு 500 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு. ஒரு வருஷத் தாமதம்னா 6,000. இதோட மாநில அரசின் பசுமை வரியும் சேரும். மொத்தம் எவ்வளவுன்னு முதல் கட்டத்திலேயே ஆர்டிஓவில் கேட்டு, உங்க பட்ஜெட்ல எழுதிடுங்க.

ஆர்சி முடிஞ்ச வண்டியை "பக்கத்துலதானே"ன்னு ரோட்டுல ஓட்டிட்டுப் போகாதீங்க. ரெக்கவரி வண்டியில ஏத்தித்தான் கொண்டு போகணும். அந்த வாடகையும் பட்ஜெட்ல இருக்கட்டும்.

இன்ஷூரன்ஸ் பக்கம் வருவோம். 2022 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த கட்டணப்படி 1000 முதல் 1500 சிசி வரைக்கும் தேர்டு பார்ட்டி பிரீமியம் வருஷத்துக்கு 3,416 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தா சுமார் 4,031. பத்மினி 1089 சிசி, அதனால இதுக்குள்ள வரும். 1500 சிசிக்கு மேல போற இசுசு டீசல் அம்பாசடர்னா 7,897, ஜிஎஸ்டி தனி. புகைச் சான்றிதழ் இந்த வயசு வண்டிக்கு 6 மாசத்துக்கு ஒரு தடவை எடுக்கணும்.

இங்கதான் நிறைய பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. நீங்க 3 லட்சம் செலவு பண்ணியிருந்தாலும், பாலிசியில் காரோட மதிப்பு 40,000-னு போட்டிருந்தா, வண்டி முழுசா சேதமானா அந்த 40,000-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். 5 வருஷம் தாண்டின வண்டிக்கு இந்த மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு பண்றீங்க. அதனால பேசுங்க. பேசறதுக்கு ஆதாரம் வேணும். ஒவ்வொரு வேலைக்கும் பில், வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ, முடிஞ்சா ஒரு மதிப்பீட்டாளர் அறிக்கை. "பில் வேண்டாம்னா கொஞ்சம் கம்மி பண்றேன்"னு மெக்கானிக் சொன்னா, அந்தத் தள்ளுபடி உங்களுக்கு நஷ்டம்தான்.

50 வயசு தாண்டின வண்டியா?

உங்க வீட்டுல நிக்கிறது 1970-ஆம் வருஷ ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மாதிரி 50 வருஷம் கடந்த கார்னா, 2021-ல் வந்த விதிப்படி 'விண்டேஜ்' பதிவு செய்யலாம். கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும், அப்புறம் மறுபதிவுக்கு 5,000. தேர்டு பார்ட்டி பிரீமியத்துல 50% தள்ளுபடியும் உண்டு.

ஆனா ரெண்டு நிபந்தனை. சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் செஞ்சிருக்கக் கூடாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடறது மாதிரி வேலைக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட கோயிலுக்குப் போகணும்னா சாதாரணப் புதுப்பிப்புதான் சரி. இதை இன்ஜினைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க.

4. அழகு: எஸ்டிமேட் இங்கதான் வீங்கும்

டிங்கரிங் செலவை யாராலும் முன்கூட்டி சரியாச் சொல்ல முடியாது. பட்டியைச் சுரண்டினாத்தான் அடியில எவ்வளவு துருன்னு தெரியும். நீங்களே ஒரு சோதனை பண்ணலாம். சின்னக் காந்தத்தைத் துணியில சுத்தி கதவு அடிப்பக்கம், மட்கார்டு எல்லாம் வெச்சுப் பாருங்க. ஒட்டாத இடத்துல தகரத்துக்குப் பதிலா பட்டிதான் இருக்கு.

ஒரு உதாரணக் கணக்கு. மெக்கானிக் சொன்னது 2,50,000. அதுல 40% சேர்த்து 3,50,000-னு உச்சவரம்பு வைங்க. இதை 14% வட்டியில் 3 வருஷ பர்சனல் லோனா வாங்கினா ஈஎம்ஐ சுமார் 11,960. மொத்த வட்டி மட்டும் 80,000-க்கு மேல. அந்த வட்டிக் காசுல நாலு டயரும் பேட்டரியும் போட்டு மிச்சமும் இருக்கும்.

அதுக்குப் பதிலா மாசம் 12,000-னு தனி அக்கவுன்ட்ல சேர்த்து, கட்டம் கட்டமா வேலை செஞ்சா 30 மாசத்துல கடனே இல்லாம முடிஞ்சிடும். 12 வருஷம் நின்ன வண்டி இன்னும் ரெண்டரை வருஷம் பொறுக்கும், மழை படாம மூடி மட்டும் வைங்க. அவசரகால நிதி, ஹெல்த் இன்ஷூரன்ஸ் ரெண்டும் இல்லாதவங்க இந்த 12,000-ஐ முதல்ல அங்க திருப்புங்க.

பட்டறையில மூணு விதி:

- ஒரே நேரத்துல முழு வண்டியையும் பிரிக்க விடாதீங்க. ஒரு கட்டம் முடிஞ்சு, வண்டி ஓடுற நிலைக்கு வந்த பிறகு அடுத்தது. பிரிச்சுப் போட்ட வண்டிக்கு, தொடாத வண்டி அளவுக்குக் கூட விலை கிடைக்காது.
- லேபர் தனி, பார்ட்ஸ் தனின்னு எழுதி வாங்குங்க. கழட்டின பழைய பார்ட்ஸைத் திருப்பி வாங்கிடுங்க. சிலது மறுபடி கிடைக்காது.
- காசு முடிஞ்ச வேலைக்கு மட்டும்.

இது முதலீடா?

இல்லை. இதைச் செலவுக் கணக்குலேயே எழுதுங்க. பத்மினியும் அம்பாசடரும் லட்சக்கணக்குல ஓடின வண்டிகள், அபூர்வப் பொருள் கிடையாது. போட்ட காசு திரும்பி வரும்னு எதிர்பார்த்து இறங்காதீங்க.

வரி விஷயமும் சொல்லிடறேன். சொந்த உபயோக கார் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து இல்லை. லாபத்துக்கு வித்தா அந்த லாபத்துக்கு வரி கிடையாது. அதே காரணத்தால நஷ்டத்தை எந்த வருமானத்திலயும் கழிக்கவும் முடியாது. பழைய கார்களை வாங்கி, ரெடி பண்ணி, வித்து வித்து சம்பாதிக்க ஆரம்பிச்சா அது தொழில். அப்போ கணக்கு வேற.

உச்சவரம்பு தாண்டுதுன்னா நிறுத்த உங்களுக்கு முழு உரிமை இருக்கு. ஏற்கெனவே போட்ட காசை நினைச்சு மேல மேல போடாதீங்க. பெயிண்ட் இல்லாம ஓடுற நிலையில் வெச்சுக்கலாம். ஆசையா பார்த்துக்கிற ஒருத்தருக்கு உள்ளபடியே விக்கலாம். சேஸிஸே துருப்பிடிச்சுப் போயிருந்தா அங்கீகரிக்கப்பட்ட ஸ்கிராப் மையத்துல கொடுத்து, சான்றிதழ் வாங்கி, பதிவை ரத்து பண்ணிடலாம்.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப செய்ய வேண்டியது நாலே விஷயம். ஆர்சி புக்கைத் தேடி எடுங்க. சேஸிஸ், இன்ஜின் நம்பரை போட்டோ எடுங்க. காந்தத்தை வெச்சுப் பாருங்க. அப்புறம் பாட்டி, அப்பா, அத்தை, சித்தப்பா எல்லாரையும் உட்கார வெச்சு, "இந்தக் காரை நான் எடுத்து ரெடி பண்ணட்டுமா?"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. அவங்க சரின்னா அன்னைக்கே பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கிட்டுக் கிளம்புங்க.