குறிஞ்சிப்பிட்டிக் கரையில் ஒரு கைக்கடிகாரம் ஏறும் மலை

குறிஞ்சிப்பிட்டியில் மலை இல்லை, குன்றும் இல்லை. கற்பிட்டித் தீபகற்பத்தின் மணலில், மேற்கே இந்து சமுத்திரத்துக்கும் கிழக்கே புத்தளம் களப்புக்கும் நடுவே, கடல்மட்டத்தைவிடச் சில மீற்றரே உயர்ந்து கிடக்கும் ஊர் அது. அங்கே ஒரு நாள் காலை பத்து மணிக்கு, காற்றமுக்கமானி உள்ள விளையாட்டுக் கைக்கடிகாரம் ஒன்றை மேசைமேல் வையுங்கள். உயரத்தைத் தானாகவே திருத்திக்கொள்ளும் வசதியை நிறுத்திவிடுங்கள். பிற்பகல் நான்கு மணிக்கு வந்து பாருங்கள். மேசையை விட்டு அசையாத கடிகாரம், ஏறத்தாழ 25 மீற்றர் உயரத்துக்கு ஏறிவிட்டதாகக் காட்டும். இரவு பத்து மணியாகும்போது பெரும்பாலும் இறங்கிவிட்டிருக்கும்.

கடிகாரம் பழுதாகவில்லை. அது உயரத்தை நேரடியாக அளப்பதே இல்லை. காற்றின் அமுக்கத்தைத்தான் அளக்கிறது. மேலே போகப் போக அமுக்கம் குறையும். கடல்மட்டத்துக்கு அருகே, நம் ஊர் வெப்பநிலையில், ஒரு மில்லிபார் குறைந்தால் ஒன்பது மீற்றருக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கிறோம் என்று கணக்கு. ஆனால் நாம் ஏறாமலே அமுக்கம் இறங்குவதும் உண்டு. கடலுக்கு இருப்பதைப் போலவே வளிமண்டலத்துக்கும் வற்றுப்பெருக்கு இருக்கிறது. அயனமண்டல நாடுகளில் அது நாள் தவறாமல் நடக்கும். காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் அமுக்கம் உச்சத்தில் நிற்கும். பின்னிரவு நான்கு மணிக்கும் பிற்பகல் நான்கு மணிக்கும் தாழும். பகல் இறக்கம் மூன்று மில்லிபார் அளவுக்கு வரும். கற்பிட்டிக் கடலில் நீரின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவுதான். தலைக்கு மேலிருக்கும் காற்றின் வற்றுப்பெருக்கோ கைக்கடிகாரத்தை எட்டு மாடி உயரத்துக்கு ஏற்றி இறக்குகிறது.

கடலை இழுப்பதில் முதலிடம் சந்திரனுக்கு. காற்றை அசைப்பது சூரியன், அதுவும் ஈர்ப்பால் அல்ல, வெப்பத்தால். ஒரு நாளில் ஒரு முறை சூடேற்றும் சூரியன், அமுக்கத்தை மட்டும் ஏன் இரு முறை ஏற்றி இறக்குகிறது? பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் இந்தப் புதிரை 1882இல் எடுத்துப் பேசினார். விடை தெளிய இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி வரை செல்லவேண்டியிருந்தது. உயரத்தில் உள்ள ஓசோனும் தாழ உள்ள நீராவியும் சூரிய வெப்பத்தை உறிஞ்சும்போது முழு வளிமண்டலத்திலும் அலைகள் எழுகின்றன. அவற்றில் பன்னிரண்டு மணி நேர அலைதான் நிலம் வரை வலுவாக வந்து சேர்கிறது. வளிமண்டல ஆய்வாளர்களான சிட்னி சாப்மனும் ரிச்சர்ட் லின்ட்சனும் இதைக் கணிதமாக விளக்கினார்கள். ஐரோப்பாவில் அடுத்தடுத்து வரும் தாழமுக்கங்கள் இந்தச் சிறு அலையை மூடி மறைத்துவிடும். இங்கே அது துலக்கமாகத் தெரியும். இந்தத் தினசரித் தாளத்தை அறிந்தவருக்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் நான்கு மணிவரை அமுக்கம் இறங்குவது வழக்கம். நான்கு மணிக்குப் பிறகும் ஏறாமல் தொடர்ந்து விழுந்துகொண்டே போனால் அது வழக்கமல்ல. அப்போது வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேட்காமல் கடலுக்குப் போகக்கூடாது.

இனிக் காற்றமுக்கத்தை விட்டுவிட்டு ஜிபிஎஸ் சொல்லும் உயரத்துக்கு வருவோம். இங்கே காத்திருக்கும் வியப்பு இன்னும் பெரியது. செய்மதிக் கணக்கிலிருந்து வரும் மூல உயரத்தை எந்தத் திருத்தமும் இல்லாமல் காட்டினால், குறிஞ்சிப்பிட்டிக் கரையில் அலை காலை நனைக்க நிற்கும் ஒருவர், கடல்மட்டத்துக்குத் தொண்ணூறு மீற்றருக்கும் கீழே நிற்பதாகத் தெரியும். ஜிபிஎஸ் உயரத்தை அளக்கத் தொடங்குவது உண்மையான கடல்மட்டத்திலிருந்து அல்ல. துருவங்களில் சற்றுத் தட்டையான, வழுவழுப்பான ஒரு கணிதப் பூமியிலிருந்து. உண்மையான கடல் அந்த வடிவத்தோடு ஒட்டி நிற்பதில்லை. பூமிக்குள் பொருள் அடர்ந்த இடங்களில் ஈர்ப்பு கூடி நீர் குவிகிறது. அடர்த்தி குறைந்த இடங்களில் தாழ்கிறது. உலகக் கடல்களிலேயே மிகத் தாழ்ந்த பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. அதன் நடுவில் கடல்மட்டம் அந்தக் கணித வடிவத்தைவிட 106 மீற்றர் கீழே. நம் தீவு முழுவதுமே அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் அமர்ந்திருக்கிறது.

பள்ளம் என்றால் சுற்றியுள்ள நீர் ஓடிவந்து நிரப்பாதா என்று கேட்கலாம். நிரப்பாது. நீர் ஓடுவது ஈர்ப்பின் திசையைப் பார்த்து. இந்தச் சரிவின் ஒவ்வொரு புள்ளியிலும் கடல்மேற்பரப்பு ஈர்ப்புக்குச் செங்குத்தாகவே இருக்கிறது. கப்பல் அதைக் கடக்கும்போது இறங்குவதும் இல்லை, ஏறுவதும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பள்ளத்தை ஒல்லாந்துப் புவியியற்பியலாளர் வெனிங் மைனெஸ் கடலில் செய்த ஈர்ப்பளவையால் 1948இல் வெளிக்கொணர்ந்தார். இது ஏன் இங்கே உண்டானது என்பதற்கு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பாலும் அத்ரேயி கோஷும் 2023இல் ஒரு விளக்கம் தந்தார்கள். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்தபோது தெத்திஸ் என்ற பழைய சமுத்திரத்தின் அடித்தளம் பூமியின் மூடகப் படைக்குள் ஆழ அமிழ்ந்தது. அது ஆபிரிக்காவுக்குக் கீழே இருந்த வெப்பத் திணிவைக் கிளறிவிட, அடர்த்தி குறைந்த சூடான பாறை நம் சமுத்திரத்துக்கு அடியில் பரவியது என்பது அவர்கள் கணினிக் கணக்கின் முடிவு.

கடைக்கு வரும் கடிகாரங்கள் இந்தப் பள்ளத்தின் அளவை ஓர் அட்டவணையாக உள்ளே வைத்திருக்கின்றன. கழித்துக் கூட்டிய பிறகுதான் எண்ணைத் திரையில் காட்டும். அதனால்தான் நமக்கு இது தெரிவதில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன சமுத்திரம் ஒன்றின் கணக்கு மணிக்கட்டில் இருக்கிறது என்பது, எனக்கு இந்தக் கருவியின் மற்ற எல்லா வசதிகளையும்விடப் பெரிதாகப் படுகிறது.

இடத்தை அறியும் கலை கற்பிட்டி மீனவருக்குப் புதிதல்ல. கரையில் உள்ள இரண்டு அடையாளங்கள் ஒன்றின் பின் ஒன்றாக ஒரே நேரில் வரும்படி பார்ப்பார்கள்; அது ஒரு கோடு. வேறு பக்கத்தில் இன்னும் இரண்டை அதேபோல் நேர்ப்படுத்தினால் மற்றொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் வள்ளம் நிற்கிறது. பனை, கோபுரம், மினாரா என்றிருந்த அடையாளங்களோடு இன்று நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும் காற்றாலைகளும் உண்டு. ஜிபிஎஸ் செய்வதும் இதே வேலைதான். அதன் அடையாளங்கள் மட்டும் 20,200 கிலோமீற்றர் உயரத்தில், செக்கனுக்கு ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. திசைக்குப் பதிலாகத் தூரத்தை அளக்கிறது. தூரத்தை அளக்க நேரத்தை அளக்கிறது. தலைக்கு நேர் மேலே உள்ள செய்மதியின் ரேடியோ அலை நம்மை வந்தடைய 0.067 செக்கன் ஆகும். இதில் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீற்றர் தவறிவிடும்.

செய்மதியில் அணுக்கடிகாரம் இருக்கிறது. நம் கையில் இருப்பது சாதாரணப் பளிங்குக் கடிகாரம். அதன் பிழையும் தெரியாத ஒன்றாகக் கணக்கில் சேர்கிறது. நீளம், அகலம், உயரம், நேரப்பிழை என்று தெரியாதவை நான்கு. அதனால் குறைந்தது நான்கு செய்மதிகள் தெரியவேண்டும். ஐன்ஸ்டைனும் இதற்குள் இருக்கிறார். ஈர்ப்பு குறைந்த உயரத்தில் செய்மதிக் கடிகாரம் நாளொன்றுக்கு 45 மைக்ரோசெக்கன் முந்துகிறது; வேகத்தால் 7 மைக்ரோசெக்கன் பிந்துகிறது. மீதி 38. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பிழை 11 கிலோமீற்றராகச் சேர்ந்துவிடும். 

முதல் ஜிபிஎஸ் செய்மதி 1978இல் ஏவப்பட்டது. கையில் கட்டும் முதல் ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கசியோ நிறுவனம் 1999இல் வெளியிட்டது. பொதுமக்களுக்கான அலையில் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்துவந்த பிழை 2000 மே மாதத்தில்தான் நிறுத்தப்பட்டது. ஓடுபவருக்கும் நடப்பவருக்கும் கடிகாரம் உண்மையில் பயன்படத் தொடங்கியது அதன் பிறகே.

திறந்த வானமும் உயர்ந்த கட்டடம் இல்லாத மணல்வெளியும் ஜிபிஎஸ்ஸுக்கு மிக ஏற்றவை. நகரத்தில் அலைகள் சுவரில் பட்டுத் திரும்பித் தடுமாறும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இந்த ஊரின் வானத்தில் வேறொரு தொல்லை இருக்கிறது. பூமியின் காந்த மத்தியகோடு இலங்கையை ஊடறுத்துச் செல்கிறது. குறிஞ்சிப்பிட்டி அதற்கு மிக அருகில். இந்தியா 1963 நவம்பர் 21 அன்று தன் முதல் ஆய்வு ரொக்கெட்டைக் கேரளத்தின் தும்பாவிலிருந்து ஏவியதற்கும், தமிழ்நாட்டின் திருநெல்வேலிக்கு அருகே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வுகூடம் வைத்திருப்பதற்கும் காரணம் இதே கோடுதான். இந்தக் கோட்டுக்கு மேலே, மேல்வானில் மிதக்கும் இலத்திரன்கள் பகலில் உயர எழுந்து வடக்கும் தெற்குமாகச் சரிகின்றன. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கில் வெற்றுக் குமிழிகள் தோன்றி மேலெழுகின்றன. குமிழிக்குள் புகுந்து வரும் செய்மதி அலை, விண்மீன் கண் சிமிட்டுவது போல் விட்டுவிட்டு வரும். பங்குனி, சித்திரையிலும் புரட்டாதி, ஐப்பசியிலும், அதிலும் சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில், இது கூடுதல். 2024 அப்படி ஓர் உச்ச ஆண்டு. மாலை ஓட்டத்தின் தடம் வரைபடத்தில் திடீரெனக் கோணினால் கடிகாரத்தைக் குறைசொல்ல அவசரப்பட வேண்டாம்.

குமிழி இல்லாத நேரத்திலும் இலத்திரன்கள் அலையைத் தாமதிக்கச் செய்கின்றன. சூரியன் உக்கிரமான காலத்து நண்பகலில் அந்தத் தாமதம் பத்து மீற்றருக்கும் மேலான பிழையைத் தரும். செய்மதி அனுப்பும் திருத்தக் கணக்கு அதில் சுமார் பாதியைத்தான் நீக்கும். இரண்டு மீடிறன்களைக் கேட்கும் கடிகாரம் வாங்குவதற்கு நம் பகுதியில் இருப்பவருக்கு நல்ல காரணம் உண்டு என்பேன். 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையும் 1176.45 மெகாஹெர்ட்ஸ் அலையும் வெவ்வேறு அளவில் தாமதமாகும். இரண்டையும் ஒப்பிட்டால் தாமதத்தையே கணக்கிட்டு நீக்கலாம். கொரோஸ் வெர்டிக்ஸ் 2, ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா போன்றவை 2021, 2022 ஆண்டுகளில் இந்த வசதியோடு வந்தன.

கடலுக்குக் கொண்டுபோகிறவர் இரண்டு விடயங்களை அறிந்திருக்கவேண்டும். புறப்பட்ட இடத்தைப் பதிந்துவைத்தால் திரும்பும் வழியைக் கடிகாரம் அம்புக்குறியால் காட்டும். ஆனால் அது காட்டுவது நேர்கோடு. அந்தக் கோட்டில் மணல்திட்டு இருக்கிறதா, முருகைக்கல் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. பார் ரீஃப் முருகைக்கல் பகுதி பரந்து கிடக்கும் கற்பிட்டிக் கடலில் இது சின்ன விடயம் இல்லை. போன தடத்திலேயே திரும்பும் வசதியைப் பயன்படுத்துவதே நல்லது. மற்றது, ஜிபிஎஸ் திசையை அறிவது நாம் நகரும்போது மட்டும். இயந்திரத்தை நிறுத்தி மிதக்கும் வள்ளத்தில் அம்பு கண்டபடி சுழலும். அப்போது காந்த ஊசியை நம்பவேண்டும், அதுவும் இயந்திரத்தின் இரும்பிலிருந்து தள்ளி நின்று.

உடற்பயிற்சிக்கு வருவோம். மணலில் நடப்பதற்கு, அதே வேகத்தில் கெட்டியான தரையில் நடப்பதைவிட 2.1 முதல் 2.7 மடங்கு சக்தி செலவாகிறது, ஓடுவதற்கு 1.6 மடங்கு. பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998இல் அளந்து வெளியிட்ட முடிவு இது. வேகத்தையும் தூரத்தையும் மட்டும் பார்த்துக் கலோரி சொல்லும் கடிகாரத்துக்கு மணலும் தார்வீதியும் ஒன்றுதான். குறிஞ்சிப்பிட்டிக் கரையில் நடப்பவர் நம்பவேண்டியது இதயத் துடிப்பை. அதையும் கவனமாக. கடிகாரத்தின் பின்புறத்துப் பச்சை ஒளி, தோலுக்கடியில் இரத்தம் கூடிக் குறைவதைப் பார்த்துத் துடிப்பை எண்ணுகிறது. பட்டி தளர்ந்திருந்தால் காலடியின் தாளத்தையே துடிப்பென்று எண்ணிவிடும். மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே இறுக்கிக் கட்டவேண்டும். கரைவலை இழுக்கும்போது கயிற்றைப் பற்றிய கையின் தசைகள் இறுகுவதால் கணக்கு பிழைக்கும். அந்த வேலைக்கு மார்புப் பட்டியே சரி. 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பு கண்டுபிடிக்கும் சூத்திரம் தோராயமானது. அறுபது வயதுக்காரருக்கு அது 160 என்னும்; 2001இல் தனாகா என்ற ஆய்வாளரின் குழுவினர் தந்த சூத்திரம் 166 என்னும். இரண்டிலிருந்தும் ஒருவருக்கொருவர் பத்துத் துடிப்பு விலகுவது சாதாரணம்.

நடந்த தூரமும் சிறிது மிகையாகவே வரும். ஒவ்வொரு புள்ளியும் அங்குமிங்கும் சில மீற்றர் பிசகுவதால், அவற்றை இணைக்கும் கோடு நேர்வழியைவிட நீண்டுவிடுகிறது.

கற்பிட்டிப் பகுதிப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கைக்கடிகாரம் இல்லாவிட்டாலும் காற்றமுக்கமானி உள்ள கைத்தொலைபேசி ஒன்று போதும். ஒரு கிழமைக்குக் காலை பத்து மணிக்கும் பிற்பகல் நான்கு மணிக்கும் அமுக்கத்தைக் குறித்து, மாணவர்களையே வரைபு வரையச் சொல்லுங்கள். கெல்வின் பிரபுவை வியக்கவைத்த அலையின் பகல் இறக்கம் அவர்களுடைய அப்பியாசக் கொப்பியிலேயே தெரியும்.