கணிப்பொறி இயற்றும் இசையும் அதைப் பகிரும் முறையும்

மிருதங்க வித்துவான் தனியாவர்த்தனத்தை முடிக்கும் தறுவாயில் ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசித்துத் தாளத்தின் தொடக்கத்தில், அதாவது சமத்தில், வந்து சேர்கிறார். கையால் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கணத்தில் நிமிர்ந்து பார்த்து மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சிக்குள் ஒரு சின்னக் கூட்டல் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தால் அது என்ன செய்யும், அது இயற்றித் தருவதை இசையார்வலர்கள் ஒருவருக்கொருவர் எப்படி அனுப்பிக்கொள்ள வேண்டும் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்துக்கு 8 அட்சரம். அட்சரத்துக்கு 4 மாத்திரை வீதம் 32 மாத்திரை. சொற்கட்டு மூன்று முறை வர வேண்டும். நடுவே இரண்டு இடத்தில் கார்வை, அதாவது இடைவெளி, விட வேண்டும். சொற்கட்டு 10 மாத்திரை, கார்வை 1 மாத்திரை என்றால் 30-உம் 2-உம் சேர்ந்து 32 ஆகிவிடுகிறது. சொற்கட்டு 8, கார்வை 4 என்றாலும் கணக்குச் சரியே. 6-க்கு 7, 4-க்கு 10, 2-க்கு 13 என்று இன்னும் மூன்று விடைகள் உண்டு. முழு எண்களில் இந்த ஐந்தைத் தவிர வேறு விடை கிடையாது. கணிப்பொறி ஐந்தையும் கண்ணிமைப்பதற்குள் சொல்லிவிடும். ஆனால் 2 மாத்திரை வாசித்துவிட்டு 13 மாத்திரை சும்மா இருந்தால், வித்துவானுக்கு என்ன ஆயிற்றோ என்று பக்கவாத்தியக்காரர்கள் கவலைப்பட ஆரம்பித்துவிடுவார்கள். கணக்குக்கு ஐந்தும் ஒன்றுதான். காதுக்கு அப்படி இல்லை.

இன்னும் ஒரு படி மேலே போவோம். 10 மாத்திரை உள்ள சொற்கட்டையே எடுத்துக்கொள்வோம். தக என்பது 2, தகிட 3, தகதிமி 4, தகதகிட 5. இந்த நான்கை மட்டும் கொண்டு 10-ஐ எத்தனை விதமாக நிரப்பலாம்? வரிசை மாறினால் வேறு என்று கொண்டால் 24 விதம். கோர்வையில் மூன்று முறையும் வெவ்வேறாக வாசிக்கலாம் என்று அனுமதித்துவிட்டால் 24-ஐ மும்முறை பெருக்கி 13,824 கோர்வைகள் வருகின்றன. அவற்றில் தக, தகிட, தகதகிட என்று வளர்ந்துகொண்டே போவதும் ஒன்று. ஆறு அகன்று பாய்வதைப் போல் விரிவதால் அத்தகைய அமைப்பை ஸ்ரோதோவஹ யதி என்பார்கள். 13,824-இல் இப்படிப் பெயர் சொல்லி அழைக்கத்தக்கவை மிகச் சில. மற்றவை வெறும் எண்களே.

இவ்வாறு விதிகளை வகுத்துக்கொண்டு, அவை இட்ட வழியே இசையை உண்டாக்குவது கணிப்பொறியோடு பிறந்த புதுமை அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் தமது சங்கீத ரத்னாகரத்தில் பிரஸ்தாரம் என்ற முறையை விளக்கியிருக்கிறார். ஏழு சுரங்களை எத்தனை விதமாக வரிசை மாற்றி அடுக்கலாம் என்பதை ஒழுங்காக எழுதிக்கொண்டு போவது அது. விடை 5,040. அத்தோடு அவர் நிற்கவில்லை. அந்தப் பட்டியலில் இத்தனையாவது வரிசை எது என்று கேட்டாலும், இந்த வரிசை எத்தனையாவது என்று கேட்டாலும், பட்டியல் முழுவதையும் எழுதாமலேயே விடை காணும் வழியையும் தந்தார். இன்று நிரல் எழுதுகிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

பின்னர் பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் காலத்து வேங்கடமகி, சுரங்களின் வகைகளைக் கணக்கிட்டு 72 மேளங்கள் என்று வரையறுத்தார். ஆயினும் தம் காலத்தில் வழங்கியவை என்று எடுத்து விளக்கியவை 19 மட்டுமே. மீதமுள்ளவை கணக்கில் இருந்தன, கச்சேரியில் இல்லை. அவற்றுக்கு உயிர் கொடுக்க மனிதர்கள் வேண்டியிருந்தார்கள். 72 மேளங்களிலும் தமிழிலேயே கீர்த்தனைகள் இயற்றிய கோடீசுவர ஐயர் (1870-1936) அவர்களுள் ஒருவர். அட்டவணைக்கும் பாட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். 1957-இல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெஜாரன் ஹில்லர், லியோனார்ட் ஐசக்சன் என்ற இருவர் இல்லியாக் என்னும் கணிப்பொறியைக் கொண்டு நான்கு பகுதிகள் உள்ள ஓர் இசைப்படைப்பை உருவாக்கினார்கள். பொறி எண்களைத் தாறுமாறாக உண்டாக்கும். ஐரோப்பிய இசை இலக்கணத்துக்குப் பொருந்தாதவற்றை விதிகள் சல்லடையைப் போல் சலித்துத் தள்ளும். மிஞ்சியதை நரம்பு வாத்தியக்காரர்கள் நால்வர் வாசித்தார்கள். இசை எப்படி இருந்தது என்பதைவிட, அவர்கள் அடுத்துச் செய்தது நமக்கு முக்கியம். 1959-இல் தங்கள் விதிகளை எல்லாம் ஒரு நூலாகவே வெளியிட்டார்கள். படித்தவர் எவரும் விதிகளைச் சோதிக்கலாம், மாற்றலாம், குறை சொல்லலாம்.

நம் இசைக்கு இதைவிட நெருக்கமான சம்பவம் லக்னோவில் நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஜிம் கிப்பன் என்ற ஆங்கிலேயர் அங்கே உஸ்தாத் ஆஃபாக் ஹுசேன் கானிடம் தபலா பயின்றார். ஒரு மூலச் சொற்கட்டை எடுத்துக்கொண்டு, அதன் சொற்களையே மாற்றி மாற்றி அடுக்கி விரித்துச் செல்லும் காயதா என்ற வகை அவரைக் கவர்ந்தது. எந்த மாற்றம் செல்லும், எது செல்லாது? உஸ்தாதுக்கு அது தெரியும். ஆனால் விதியாகச் சொல் என்றால் சொல்வது எளிதன்று. நம் பாட்டிமாரிடம் தமிழ் இலக்கணம் கேட்பதைப் போன்றது அது. தவறாக ஒரு வாக்கியம் சொன்னால் உடனே திருத்துவார்கள், ஏன் தவறு என்று கேட்டால் சிரிப்பார்கள்.

ஆகவே கிப்பனும், பிரெஞ்சுக்காரரான பெர்னார்ட் பெல் என்ற கணிப்பொறி அறிஞரும் வேறு வழி கண்டார்கள். போல் ப்ராசசர் என்ற நிரலை எழுதினார்கள். போல் என்றால் தபலாவின் சொல். தங்களுக்குத் தெரிந்த மட்டில் விதிகளை வகுத்து, ஆப்பிள் நிறுவனத்தின் சிறு கணிப்பொறி ஒன்றில் இட்டார்கள். பொறி புதிய சொற்கட்டுகளை எழுதித் தந்தது. அவற்றைத் துறை அறிந்த கலைஞர்கள் முன் வைத்தார்கள். இது சரி, இது கூடாது என்று தீர்ப்பு வந்தது. கூடாது என்றவுடன் விதியைத் திருத்தினார்கள். மறுபடி பொறியை ஓட்டினார்கள். பொறி செய்த தவறுகளே விதிகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தன என்று சொல்லலாம். என் கருத்தில் கணிப்பொறி இசைக்குச் செய்த மிக மதிப்பான தொண்டு இதுதான். நல்ல சொற்கட்டை அது இயற்றியதைவிட, தவறானதை இயற்றி ஆசிரியரின் வாயைத் திறக்க வைத்தது பெரிது.

அந்த நிரல் லக்னோவோடு நின்றுவிடவில்லை. இன்று அது எவரும் எடுத்துப் பயன்படுத்தத்தக்கதாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தாளத்தை எழுத்தால் குறிக்க அது கையாண்ட முறையை இங்கிலாந்தைச் சேர்ந்த அலெக்ஸ் மெக்லீன் தமது டைடல் சைக்கிள்ஸ் என்ற நிரலுக்கு அடிப்படையாகக் கொண்டார். 2012 முதல் லண்டனிலும் பிற நகரங்களிலும் நடந்துவரும் அல்கோரேவ் என்ற இசைக்கூட்டங்களில், கலைஞர் மேடையில் உட்கார்ந்து விதிகளைத் தட்டச்சுச் செய்கிறார். இசை உடனுக்குடன் மாறுகிறது. அவர் எழுதும் வரிகளைப் பெரிய திரையில் எல்லாரும் பார்க்கிறார்கள். திரையை மறைக்கக் கூடாது என்பது அந்த வட்டாரத்தின் கொள்கை. தபலா வீட்டின் சொற்கட்டுகளைப் பரம்பரைச் சொத்தாகப் பொத்திக் காத்த லக்னோவிலிருந்து கிளம்பிய ஒரு குறியீட்டு முறை, எதையும் மறைக்காத ஒரு கூட்டத்தில் போய்ச் சேர்ந்தது வேடிக்கைதான்.

தாளத்தைக் குறியீட்டில் அடக்குவது ஓரளவு எளிது. இராகம் அப்படி அன்று. 1983-இல் வந்த மிடி என்ற ஏற்பாடு, எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்தமாக அழுத்தினோம் என்ற செய்தியை ஒரு மின்வாத்தியத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு செல்கிறது. பியானோவுக்கு அது போதும். தோடியின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கிறது. அதை ஒரு கட்டையாக எழுதி அனுப்பினால் மறுமுனையில் கேட்பது தோடியாக இராது. சென்னையைச் சேர்ந்த எம். சுப்பிரமணியன் என்பவர் இந்தச் சிக்கலில் பல ஆண்டுகள் உழைத்தார். அவர் உருவாக்கிய காயக என்ற நிரலில் சுரங்களை எழுத்தாகவே தட்டச்சுச் செய்யலாம். கமகங்களையும் தனியே வரையறுத்துக் கொடுக்கலாம். புத்தகத்தில் உள்ளதைப் போன்ற வெறும் சுரக்குறிப்பைக் கொடுத்தால், இராகத்துக்கு ஏற்ற கமகங்களை நிரலே சேர்த்து வாசிக்கும் முறையைப் பற்றி 2012-இல் இஸ்தான்புல் ஆய்வரங்குக்கு அவர் கட்டுரை அளித்தார்.

இப்போது பகிர்வதைப் பற்றிய கேள்விக்கு வருவோம். ஒருவர் கணிப்பொறியால் ஒரு துண்டு இசையை இயற்றிவிட்டார். நண்பர்களுக்கு அனுப்ப விரும்புகிறார். ஒலியாக அனுப்பலாம், விதியாகவும் குறிப்பாகவும் அனுப்பலாம். இசைத்தட்டின் தரத்தில் ஒரு நிமிட ஒலி ஏறத்தாழ ஒரு கோடி பைட்டு இடத்தை அடைக்கும். அதே ஒரு நிமிடத்துக்கான எழுத்துக் குறிப்புக்குச் சில ஆயிரம் போதும். ஆனால் இன்றைய இணைய வேகத்தில் அளவு ஒரு பொருட்டே அன்று. ஒலியைப் பெற்றவர் நன்றாக இருக்கிறது, இல்லை என்று இரண்டில் ஒன்றுதான் சொல்ல முடியும். விதியைப் பெற்றவரோ, மூன்றாவது வரியில் 4-க்குப் பிறகு 2 வரக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துத் திருப்பி அனுப்பலாம். லக்னோவில் உஸ்தாத் செய்ததை இங்கே ஒரு நண்பர் செய்கிறார்.

இது யாருக்குத் தேவை என்று கேட்கலாம். சிம்பாங் அம்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெயருக்கே நாற்சந்தி என்றுதான் பொருள். ஒரு காலத்தில் சுற்றிலும் தோட்டங்கள். இன்று பத்து கவான் பக்கம் தொழிற்சாலைகள். 2014-இல் திறந்த இரண்டாம் பாலம் தீவுக்கு வழி விட்டிருக்கிறது. இங்கே மிருதங்கம் கற்க ஆசைப்படும் ஓர் இளைஞனுக்குப் பகலில் வேலை இருக்கும், கையில் கணிப்பொறி இருக்கும், பக்கத்துத் தெருவில் ஆசிரியர் இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. முன் சொன்ன 24 சொற்கட்டுகளையும் அவனுடைய பொறி ஒரு நொடியில் வாசித்துக் காட்டும். கூடாது என்று சொல்ல ஆள் இல்லையென்றால், இருபத்து நான்கும் ஒரே தரம் என்று அவன் காது பழகிவிடும். அங்கேதான் ஆபத்து. பிழை ஒருமுறை காதில் குடியேறிவிட்டால் அதைக் கிளப்புவது கடினம் என்பதை மேளம் கற்றுக் கொடுத்தவர்கள் நன்கு அறிவார்கள்.

நம் ஊர்களில் உறுமி மேளக் குழுக்களுக்குக் குறைவில்லை. அவற்றில் அடிகள் காதால் கேட்டே பரவுகின்றன. ஓர் அடியைச் சொல்லாக எழுதி, கணக்கையும் எழுதி, பொறி அதிலிருந்து விரித்தவை இவை, அவற்றில் நாங்கள் தள்ளியவை இவை என்று ஒரு குழு இன்னொன்றுக்கு அனுப்பினால், பத்து ஒலிப்பதிவுகளைவிட அது பயன்படும். தள்ளியவற்றை அனுப்புவதை யாரும் நினைப்பதில்லை. எனக்கு அனுப்புவதானால் அவற்றைத்தான் முதலில் கேட்பேன். அனுப்பும்போது ஒரு நேர்மையும் வேண்டும். ஆசிரியரிடமிருந்து வந்த அடி எது, பொறி சேர்த்தது எது என்று குறிப்பிட வேண்டும். ஒருவருடைய பாடத்தைப் பொதுவில் விடுவதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்வது முறை.

2023-க்குப் பின் பரவிய செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் சிலவற்றில் இரண்டு வரி எழுதினால் முழுப் பாட்டே ஒலியாக வந்துவிடுகிறது. அவை கெட்டிக்காரத்தனமானவைதாம். எனினும் அங்கே நீட்டிக் காட்ட விதி இல்லை, திருத்த வரியும் இல்லை. நாம் இங்கே பேசிய பகிர்வுக்கு அவை உதவ மாட்டா.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. விதியோடு தாளம், நடை, வேகம், கமக வரையறைகள் ஆகியவற்றை எழுதி அனுப்புகிறவர்களும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கணிப்பொறி தாறுமாறாக எண்களை எடுப்பதாகத் தோன்றினாலும், பெரும்பாலும் ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்குப் போட்டே எடுக்கிறது. அதை விதை எண் என்று சொல்லலாம். விதை எண்ணும் நிரலும் ஒன்றாக இருந்தால், சிம்பாங் அம்பாட்டில் நாற்பதாவதாக வந்த கோர்வையே ஈப்போவிலுள்ள நண்பரின் பொறியிலும் நாற்பதாவதாக வரும். அந்த எண்ணைக் குறித்து வைக்காவிட்டால், நேற்று நீங்கள் கேட்டு மகிழ்ந்த கோர்வையை இன்று உங்கள் பொறியிடமே கேட்டுப் பாருங்கள். அது வேறொன்றை வாசிக்கும்.