உபதேசியார் வைத்த புள்ளி

கொடும்பாளூருக்கு நான் போனது மூவர் கோவிலைப் பார்க்க. பார்த்துவிட்டு வந்ததோ வேறு சங்கதி. "பி.காம். படிச்சவர்கிட்ட கல்வெட்டைக் காட்டினாலும் அதுல கணக்கைத்தான் தேடுவார்" என்பது என் வீட்டம்மாவின் நீண்ட காலப் புகார். இந்தத் தடவை அது பலித்துவிட்டது!

மூவர் கோவில் தெரியுமில்லையா? இருக்குவேள் மன்னன் பூதி விக்கிரமகேசரி ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கட்டியது. தன் பெயரில் ஒன்று, ராணி கற்றளி பெயரில் ஒன்று, ராணி வரகுணை பெயரில் ஒன்று. ஆக மூன்று. இரண்டு மனைவிகளுக்கும் ஒரே அளவில் கட்டிக்கொடுத்து வீட்டுச் சண்டையைத் தவிர்த்த அந்த மகாராஜாவுக்கு மானசீகமாக ஒரு கும்பிடு போட்டேன். ஆனால் இன்றைக்கு முழுசாக நிற்பது இரண்டுதான். மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம்.

வெயில் தாங்காமல் ரோட்டோர டீக்கடையில் ஒதுங்கினேன். பெஞ்சின் மறு கோடியில் ஒரு பெரியவர். வெள்ளைச் சட்டை, வேட்டி, மடியில் மஞ்சள் பை. பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். இரண்டு கோடு போட்டிருந்தது. மேல் கோட்டில் நிதானமாக ஒரு புள்ளி வைத்தார். யோசித்தார். இன்னொரு புள்ளி வைத்தார். மூடிவிட்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளுமா?

"என்னங்கய்யா, வட்டிக் கணக்கா?"

"வட்டி இல்லே தம்பி. எனக்கு முதலே இதுதான்" என்று சிரித்தார்.

பேசியதில் தெரிந்தது. ஆவூர்ப் பக்கத்துக்காரர். கத்தோலிக்கக் கோவில்களில் முப்பது வருஷத்துக்கு மேல் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். உபதேசியார் என்றால்? பங்குச் சாமியாருக்கு வலது கை. பிள்ளைகளுக்கு ஞானப்பாடம், கல்யாணத்துக்கு விசாரணை, இழவு வீட்டில் ஜெபம், புருஷன் பெண்டாட்டி தகராறில் பஞ்சாயத்து... எல்லாம் அவர்தான். சம்பளத்தைத் தவிர மற்றதெல்லாம் அதிகமாக உள்ள உத்தியோகம்.

"சரி, இந்தப் புள்ளி?"

"கோபம் தம்பி. ஒவ்வொரு தடவை கோபப்பட்டதுக்கும் ஒரு புள்ளி. இன்னிக்குக் காலையிலேருந்து ரெண்டு. மருமக காப்பியில சக்கரை போடலை. கத்திட்டேன்."

"காப்பியில சர்க்கரை இல்லேன்னா யாருக்கும் கோபம் வரத்தானே செய்யும்?"

"எனக்கு சுகர் தம்பி. அந்தப் பொண்ணு செஞ்சதுதான் சரி. அதனாலதான் ரெண்டு புள்ளி!"

* * *

இந்தக் கோடும் புள்ளியும் பெரியவர் கண்டுபிடித்தது இல்லை. இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் எழுதிய ஆன்மிகப் பயிற்சிகள் என்ற புத்தகத்தில் உள்ளது. 1548-ல் போப்பாண்டவர் மூன்றாம் பவுல் ஒப்புதல் கொடுத்த புத்தகம். நம்மைப் பிடித்து ஆட்டும் ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் 'இன்றைக்கு விடமாட்டேன்' என்று தீர்மானம். மத்தியானம் ஒரு கணக்கு, ராத்திரி ஒரு கணக்கு. நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்குப் பதினாலு. நேற்றைய புள்ளியோடு இன்றையதையும், போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட வேண்டும். புத்தகத்தில் போட்டிருக்கும் படத்தில் நாளாக ஆகக் கோடே குட்டையாகிக்கொண்டு போகும். தப்பும் அப்படிக் குறையணுமாம்.

அமெரிக்காவின் பெஞ்சமின் ஃப்ராங்க்ளினும் பதின்மூன்று நற்குணங்களை எழுதிவைத்துக்கொண்டு, தவறும்போதெல்லாம் நோட்டில் கறுப்புப் புள்ளி வைத்தவர்தான். சுயசரிதையில் அவரே சொல்லியிருக்கிறார்.

ஒரு பி.காம். ரகசியம் சொல்லட்டுமா? நாங்கள் மாங்கு மாங்கென்று படித்த இரட்டைப் பதிவு முறையை 1494-ல் முதன்முதலாக அச்சுப் புத்தகத்தில் விளக்கிய லூக்கா பாச்சோலி யார் தெரியுமா? பிரான்சிஸ்கன் துறவி! ஆக, சாமியார்களுக்கும் கணக்குக்கும் பழைய சிநேகம்.

"உங்க கோவில் ஒரு மனுஷனுக்கு நல்லபடியா வாழக் கத்துக்கொடுக்குதா? இல்லே ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரத்தோட சரியா?" என்று கேட்டேன்.

பெரியவர் விரல் விட்டார். பிறந்தால் ஞானஸ்நானம். விவரம் தெரிந்ததும் பாவசங்கீர்த்தனம், புதுநன்மை. அதற்கு மாதக்கணக்கில் வகுப்பு. வளர்ந்தால் உறுதிபூசுதல். கல்யாணம் என்றால் முன்கூட்டியே தயாரிப்பு வகுப்பு. டாக்டர் வந்து உடம்பைப் பற்றிச் சொல்வார், குடித்தனம் நடத்தும் தம்பதி வந்து வரவு செலவைச் சொல்வார்கள், மாமியாரைச் சமாளிப்பதும் பாடத்தில் வந்துவிடும். கோவிலில் மூன்று தடவை ஓலை வாசிப்பார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் இன்னொரு குடும்பம் இருந்தால் அங்கேயே குட்டு உடையும்!

தவக்காலம் நாற்பது நாள். கறியை விடுவார்கள், சிலர் பீடியை, சிலர் 'மற்றதை' விடுவார்கள். மிச்சமாகிற காசு ஏழைக்கு. வின்சென்ட் தே பால் சபைக்காரர்கள் கஷ்டப்படும் வீட்டுக்கு நேரிலேயே போய்ப் பார்த்து உதவுவார்கள். 1833-ல் பாரிசில் சில கல்லூரி மாணவர்கள் தொடங்கிய சபை அது. தெருவுக்குத் தெரு அன்பியம் என்று பக்கத்து வீடுகள் சேர்ந்து கூடும். சி.எஸ்.ஐ. குடும்பங்களில் பிடியரிசி உண்டு. உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்துக் காணிக்கையாகக் கொடுப்பது. 'எனக்கே பத்தலை, இதுல தானமா?' என்கிற நினைப்பைத் தினமும் ஒரு பிடியால் உடைக்கிற வித்தை.

"ஆனா இதெல்லாம் பாடம் தம்பி. பாடத்தை விட வாத்தியாரைத்தான் ஜனங்க பார்க்கும்" என்றார்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-ல் பிறந்து, 1710-ல் இந்தியாவுக்கு வந்து, இயேசு சபையின் மதுரை மிஷனில் வேலை செய்தவர். தேம்பாவணி, சதுரகராதி எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். அவர் உரைநடையில் எழுதிய இன்னொரு புத்தகம் வேதியர் ஒழுக்கம். வேதியர் என்று அவர் சொல்வது நம் உபதேசியாரைத்தான். ஊருக்குப் பாடம் நடத்துகிறவனே, முதலில் நீ எப்படி இருக்கணும் தெரியுமா என்று வாத்தியாரைக் காதைப் பிடித்துத் திருகும் புத்தகம். பரமார்த்த குரு கதை எழுதியவரும் இவரே. சீடர்கள் மட்டி மடையன் என்று சிரிக்கிறோம், குருவும் அதற்கு மேலே! குரு எப்படி இருக்கக்கூடாது என்று சிரிக்க வைத்தது அது, எப்படி இருக்கணும் என்று சிந்திக்க வைத்தது இது.

மதுரை மிஷன் 1606-ல் தத்துவ போதகர் என்ற ராபர்ட் தெ நொபிலி மதுரையில் ஆரம்பித்தது. கொடும்பாளூருக்கு வடக்கே, விராலிமலையைத் தாண்டியிருக்கும் ஆவூர் அதன் பழைய கேந்திரங்களில் ஒன்று. பூஷே என்ற பிரெஞ்சுச் சாமியார் அங்கே கட்டிய கோவிலுக்குப் பிறகு, 1747-ல் பெரிய கோவில் எழுந்தது. நம் பெரியவருக்கு அந்தக் கோவில் மணியே தாலாட்டு.

* * *

இரண்டாவது டீ வந்தது. (அவருக்குச் சர்க்கரை இல்லாமல். புள்ளி விழவில்லை.)

"நீங்க கணக்குப் படிச்சவரு. ஒண்ணு கேக்கறேன். கணக்கு டாலி ஆனா அது சரியான கணக்குதானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"தெற்கே ஒரு பங்கு. பேரு வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்து அஞ்சாறு வருஷம். ஒரு பொண்ணு காய்ச்சல்ல செத்துப்போச்சு. பன்னெண்டு வயசு. அதுக்குப் புதுநன்மைப் பாடம் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். கல்லறைக்கு நேர்வழி பெரிய தெரு வழியா. 'அவங்க பொணம் எங்க தெருவுல வரக்கூடாது, சுத்திப் போகச் சொல்லு'ன்னாங்க பெரிய தெருக்காரங்க. அவங்களும் நம்ம கோவில்தான். அவங்களுக்கும் பாடம் சொன்னவன் நான்தான். முன்னால நின்னு வயக்காட்டுப் பக்கமாப் பெட்டியைத் திருப்பிவிட்டேன். அப்பன்காரன் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஒண்ணும் கேக்கலை."

டீக்கடை ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு ராத்திரியும் நோட்டை எடுத்தேன். மத்தியானம் மணியடிக்கிற பையனை அதட்டினதுக்கு ஒரு புள்ளி வெச்சேன். பெட்டியைத் திருப்பினதுக்கு வெக்கலை. தப்புன்னே தோணலை தம்பி! அந்தப் பக்கம் இன்னிக்கும் எங்கிட்ட இருக்கு. ஒரே ஒரு புள்ளி. கணக்கு டாலி."

பி.காம். முதல் வருஷத்திலேயே இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். ட்ரயல் பேலன்ஸ் கனகச்சிதமாக டாலி ஆகும். ஆனாலும் கணக்கு தப்பாக இருக்கலாம். ஒரு வரவு செலவைப் பதியாமலே விட்டால் பற்றிலும் இருக்காது, வரவிலும் இருக்காது. இரண்டு பக்கமும் சமமாகவே நிற்கும். எரர் ஆஃப் ஒமிஷன் என்று பெயர். பரீட்சைக்கு ஐந்து மார்க் கேள்வி. அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது அந்த டீக்கடை பெஞ்சில்தான்.

பெரியவர் ஒருவரின் தப்பு இல்லை இது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளம் கோவிலுக்குள்ளேயே சாதிகளைப் பிரித்துச் சுவர் இருந்தது. சாமியார்கள் 1910-ல் அதை இடித்தார்கள். 'எங்கள் உரிமை போச்சு' என்று ஒரு தரப்பு வழக்குப் போட்டு, சென்னை ஹைகோர்ட் வரை போய்த் தோற்றது. அதற்கு நூறு வருஷம் கழித்து, 2010-ல், திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே நின்ற சுவர் பத்திரிகைச் செய்தியானது. ஞானப்பாடம் படித்தவர்கள், பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள், தவக்காலத்தில் கறி தொடாதவர்கள்தான் சுவருக்கு இரண்டு பக்கமும். அவரவர் நோட்டில் கோபத்துக்குப் புள்ளி இருந்திருக்கும், பொய்க்குப் புள்ளி இருந்திருக்கும். சுவருக்கு?

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் கிறிஸ்தவர்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. சபைக்குள் தீண்டாமை இருக்கிறது, அது பாவம் என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். வேறு எந்த ஊர்ச் சங்கதியையும் விட, கணக்குப் பிள்ளை என்ற முறையில் எனக்கு இது பெரிதாகப் பட்டது. விட்டுப்போன பதிவை முதலாளியே ஒப்புக்கொண்டு எழுதுவது லேசு இல்லை. ஆனால் பதிவு எழுதினால் போதுமா? பாக்கியைக் கட்டணுமே!

"நீங்க என்ன பண்ணீங்க?" என்றேன்.

"பூசை ஆரம்பத்துல எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லுவோம். செஞ்ச தப்பை மட்டும் இல்லே, செய்யாம விட்டதையும் சேர்த்துத்தான் அதுல மன்னிப்புக் கேப்போம். ஆயிரம் தடவை வாயால சொன்ன வார்த்தை. ஒருநாள் சொல்லும்போது அந்த அப்பன் பார்த்த பார்வை ஞாபகம் வந்து நாக்கு நின்னுபோச்சு. அடுத்த வாரமே பஸ் ஏறினேன். அவன் போய்ச் சேர்ந்துட்டான். பொண்ணோட அண்ணன் இருந்தான். 'உபதேசியார் ஐயா'ன்னு எழுந்து நின்னான். உள்ளே கூப்பிட்டு உக்காரவெச்சு காப்பி கொடுத்தான். நான் போன விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தான். 'அதை இப்ப எதுக்குங்கய்யா'ன்னான். மன்னிச்சேன்னும் சொல்லலை, இல்லேன்னும் சொல்லலை."

"அப்புறம்?"

"திரும்பி வரும்போது பெரிய தெரு வழியாவே என்னோட நடந்து வந்து பஸ் ஏத்திவிட்டான்."

சாலையில் விராலிமலை பஸ் ஹாரன் அடித்தது. பெரியவர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மூவர் கோவில் பக்கம் கை காட்டினார்.

"மூணாவது கோவிலைப் பார்த்தீங்களா? அடித்தளம் மட்டும் கெடக்கு. எங்க கதையும் அதான். சாமிக்கு ஒண்ணு கட்டிட்டோம். குடும்பத்துக்கு ஒண்ணு கட்டிட்டோம். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கட்ட வேண்டியது அஸ்திவாரத்தோட நிக்குது. அஸ்திவாரம் இருக்கே, அதைச் சொல்லணும்."

'எங்க கதை' என்றார். பஸ் போன பிறகுதான் உறைத்தது. 'உங்க கதை' என்று எந்தக் கோவில்காரரைப் பார்த்து நாம் சொல்லித் தப்பிக்க முடியும்? எல்லார் ஊரிலும் ஒரு பெரிய தெரு இருக்கிறது, ஒரு வயக்காட்டு வழி இருக்கிறது.

ராத்திரி வீடு திரும்பியதும் டைரியில் இரண்டு கோடு போட்டேன். நாள் முழுக்க யோசித்து, நேர்மையாக நாலு புள்ளி வைத்தேன். நிம்மதியாக மூடப்போனேன்.

தோள் வழியாக எட்டிப் பார்த்த வீட்டம்மா சொன்னாள்:

"அஞ்சு."