பண்டைக் கிரேக்கரின் புனித எல்லையும் அடைக்கலமும்

கிரேக்க நாகரிகம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவர்தம் கோயில்களின் தூண்களையும் சிற்பங்களையும் வியந்து பேசி அமைவர். கட்டடக் கலையை ஆராய்வார்க்கு அது தகும். தெய்வத்துக்குரிய இடங்கள் அச்சமுதாயத்தில் ஆற்றிய பணி யாது என வினவுவார், கட்டடத்தை விட்டு நிலத்தை நோக்குதல் வேண்டும். கிரேக்கர் தம் வழிபாட்டிடத்தைத் 'தெமெனோஸ்' என்றனர். வெட்டுதல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்த அச்சொல், பொதுநிலத்தினின்றும் வெட்டிப் பிரித்துத் தெய்வத்துக்கு உரிமையாக்கிய நிலத்தைக் குறிக்கும். எல்லைக் கற்களோ சுவரோ அதனைச் சூழ்ந்திருக்கும். உள்ளே பலிபீடம் ஒன்று இருப்பின் போதும். கோயிலே இல்லாத தெமெனோஸ்களும் உண்டு. பலியிடுதல் வெட்டவெளியில் பீடத்தருகே நிகழ்ந்தது. கோயிலோ பெரும்பாலும் தெய்வத்தின் திருவுருவுக்கும் காணிக்கைப் பொருள்களுக்கும் உறையுளாக நின்றது. ஆதலின் இக்கட்டுரையில் இவ்விடங்களைப் புனித எல்லை என்றே யாம் வழங்குவோம்.

ஒலிம்பியாவின் விளையாட்டும், டெல்பியின் குறிமொழியும், எபிடோரஸில் நோயாளிகள் துயின்று நலம் வேண்டியதும் பலரும் அறிந்தவை. நகர்களின் செல்வமும் இவ்வெல்லைகளுக்குள் காக்கப்பட்டது. டீலோஸ் தீவில் இருந்த கூட்டணிக் கருவூலத்தை ஏதென்ஸ் நகரத்தார் கி.மு. 454-இல் தம் நகருக்கு மாற்றினர். இவற்றை விரித்தல் எம் நோக்கமன்று. வலியவன் கையினின்றும் தப்பி ஓடிய எளியவனுக்கு இவ்வெல்லை என்ன செய்தது என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுவது.

அடைக்கலம் புகுவோன் பீடத்தின்மேல் அமர்வான்; அல்லது திருவுருவைப் பற்றிக்கொள்வான். கம்பளி நூல் சுற்றிய ஒலிவக் கிளையைக் கையில் ஏந்துதலும் மரபு. அந்நிலையில் அவன் தெய்வத்தின் உடைமை போல்வான். அவனை இழுத்துச் செல்லுதல் தெய்வத்தின் பொருளைப் பறித்தலை ஒக்கும். 'பறித்தலின்மை' என்னும் பொருளுடைய 'அசூலியா' என்ற கிரேக்கச் சொல் இக்கருத்தினின்றும் எழுந்தது. இன்று ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அரசியல் அடைக்கலத்தைக் குறிக்கும் சொல்லும் அதன் வழிவந்ததே.

இம்மரபு எத்துணை ஆற்றலுடையது என்பதை, அதனை மீறியோரின் செயல்களே நன்கு காட்டுகின்றன. ஏறத்தாழ கி.மு. 632-இல் கைலோன் என்பான் ஏதென்ஸின் ஆட்சியைக் கைப்பற்ற முயன்று தோற்றான். அவன் தப்பினான், அவனைச் சார்ந்தோர் அக்ரோபொலிஸில் பீடத்தருகே அடைக்கலம் புகுந்தனர். பசியால் அவர்கள் புனித எல்லைக்குள்ளேயே மடியும் நிலை கண்ட காவலர், தீங்கு செய்யோம் என உறுதி கூறி வெளியே அழைத்து வந்து கொன்றனர். திருவுருவில் நூல் ஒன்றைக் கட்டி அதனைப் பற்றியவாறே அவர்கள் இறங்கி வந்தனர் என்றும், அந்நூல் வழியில் அறுந்தது என்றும் புளூடார்க் உரைப்பர். நூல் அறுந்ததைத் தெய்வம் கைவிட்டதற்கு அடையாளமாகக் கொலைஞர் கொண்டனராம். கொலைக்குச் சான்று தேடுவார்க்கு அறுந்த நூலும் போதும் போலும்! எனினும் நகரம் அதனை ஏற்கவில்லை. கொன்றோரும் அவர் வழியினரும் பழிபட்டோர் எனப்பட்டனர். இரு நூற்றாண்டு கழிந்து, கி.மு. 431-இல் பெலோப்பொனீசியப் போர் மூளுமுன், அப்பழியை நீக்குக என ஸ்பார்ட்டா ஏதென்ஸைக் கேட்டது. பெரிக்ளீஸ் தாய்வழியில் அக்குடியைச் சார்ந்தவர் என்பதே அதன் உட்கருத்து.

ஸ்பார்ட்டாவும் குற்றமற்றதன்று. கி.மு. 479-இல் பிளாட்டீயாப் போரில் பாரசீகரை வென்ற பாசேனியஸ், பின்னர்ப் பாரசீகருடன் சூழ்ச்சி செய்ததாக ஐயுறப்பட்டு அதீனா தேவியின் புனித எல்லைக்குள் ஓடி ஒளிந்தான். அதிகாரிகள் அவனைத் தொடவில்லை. அவன் இருந்த சிறு கட்டடத்தின் கூரையைப் பிரித்து, வாயில்களைச் சுவரெழுப்பி அடைத்துப் பட்டினியிட்டனர். உயிர் பிரியுந் தறுவாயில் வெளியே தூக்கி வந்தனர். அவன் வெளியே இறந்தான். எனவே இடம் மாசுறவில்லை என்பது அவர்தம் கணக்கு. டெல்பி அக்கணக்கை ஒப்பவில்லை. ஓர் உடலுக்கு ஈடாக இரண்டு உடல்களைத் தேவிக்குத் தருமாறு அது பணிக்க, வெண்கலச் சிலைகள் இரண்டு வைக்கப்பட்டன.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கொல்ல முற்பட்டோர் எல்லைக்குள் கைவைக்க அஞ்சியமையைக் காண்கின்றோம். அவர்தம் வஞ்சமே எல்லையின் வலிமைக்குச் சான்றாகின்றது என்பது எம் கருத்து. டீனரத்தில் பொசைடன் இடத்தில் புகுந்த ஹெலட்டுகள் என்னும் அடிமைக் குடியினரை எழுப்பிக் கொன்றதனாலேயே, ஏறத்தாழ கி.மு. 464-இல் தம் நகரைப் பெருநிலநடுக்கம் அழித்தது என ஸ்பார்ட்டா மக்களே நம்பினர். பாசேனியஸ் போன்ற தலைவனுக்காக மட்டுமன்றி, பெயரறியா ஹெலட்டுக்காகவும் தெய்வம் சினக்கும் என்ற எண்ணம் அங்கு இருந்தமை கருதத்தக்கது.

ஆயினும் அடைக்கலம் விடுதலை ஆகாது. ஏதென்ஸில் தீசியஸின் புனித எல்லைக்குள் ஓடிய அடிமை, தன்னை வேறொரு தலைவனுக்கு விற்குமாறு வேண்டலாம். அதற்குமேல் அவன் பெறுவதற்கில்லை. மெசீனியாவின் அந்தானியாவில் கிடைத்த கல்வெட்டு, ஓடிவந்த அடிமைகளின் வழக்கைப் பூசகர் ஆராய்ந்து, குற்றமுடையோரைத் தலைவரிடம் ஒப்படைக்க விதிக்கின்றது. எல்லை தந்தது கால இடையீடு ஒன்றே. கொடுமை நிகழ்வதற்கும் சினம் தணிவதற்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் பேசுவதற்கு அது வாய்ப்பளித்தது. அடிபட்டவனுக்கு அதுவும் சிறிதன்று.

இவ்வுரிமை தவறாகவும் பயன்பட்டது. எபேசஸில் ஆர்ட்டிமிஸ் தேவியின் அடைக்கல எல்லையை அலெக்சாந்தர் விரித்தார். ஆண்டனி அதனை மேலும் இருமடங்காக்கவே நகரின் ஒரு பகுதியும் அதனுள் அடங்கிற்று. குற்றவாளிகளுக்கு அது புகலானமையால் அகஸ்டஸ் அவ்விரிவை நீக்கினார். கி.பி. 22-இல் கிரேக்க நகர்கள் பல தத்தம் அடைக்கல உரிமைக்குச் சான்று காட்டுமாறு உரோமில் மூதவைமுன் அழைக்கப்பட்டன. முதற்கண் வந்தோர் எபேசஸ் மக்களே.

விடுதலைக்கே வழி வகுத்த புனித எல்லையும் ஒன்றுண்டு. டெல்பியில் கி.மு. 200 அளவில் தொடங்கி ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக்காலம் பொறிக்கப்பட்ட விடுதலைச் சாசனங்கள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்துள்ளன. அடிமைக்குத் தன் பெயரால் ஒப்பந்தம் செய்யும் உரிமையில்லை. ஆதலின் அவன் சேர்த்த பொருளைக் கொண்டு அப்பல்லோவே அவனை விலைக்கு வாங்குவதாக எழுதினர். வாங்கிய தெய்வம் அவனிடம் ஊழியம் கொள்வதில்லை. பழைய தலைவன் இறக்குங்காறும் அவனுடன் தங்கிப் பணிபுரிதல் வேண்டும் என்னும் கட்டுப்பாடு பல சாசனங்களில் உள்ளது. விடுதலையின் பயனைப் பெரிதும் குறைத்த விதி அது. எனினும் அச்சாசனங்களில் வேறொரு விதியும் காணப்படுகின்றது. விடுவிக்கப்பட்டவரை எவரேனும் மீண்டும் அடிமையாகப் பற்ற முயன்றால், அவ்வழிச் செல்லும் யாரும் இடைபுகுந்து மீட்கலாம். மீட்டவருக்குத் தண்டனை இல்லை. யாத்திரிகர் ஏறிச் சென்ற வழியருகே, அப்பல்லோ கோயிலின் மேடையைத் தாங்கும் சுவரில், யாவரும் காணுமாறு அவ்விதி பொறிக்கப்பட்டிருக்கின்றது.