நிரலைச் சோதித்தறியும் நெறி

ஜாவா மொழியில் எழுதப்படும் நிரல், ‘கிளாஸ்’ எனப்படும் வகுப்புகளால் ஆயது. ஒவ்வொரு வகுப்பையும் தனித்தெடுத்துச் சோதித்தலே அலகுச் சோதனையாம். கென்ற் பெக், எரிக் காமா என்னும் இருவர் 1997இல் ஆக்கத் தொடங்கிய ‘ஜேயுனிற்’ இதற்குப் பெரிதும் பயன்படும் கருவியாகும்.

இச்சோதனைக்குத் தடையாவது யாது? வகுப்பொன்று தனக்கு வேண்டியவற்றைத் தானே தேடிக்கொள்வதாம். கடன் வட்டியைக் கணிக்கும் வகுப்பொன்றைக் கருதுக. அது அன்றன்றைய திகதியைக் கணினியின் கடிகாரத்திடமே நேரிற் கேட்குமாயின், பெப்ரவரி 29ஆந் திகதியிற் பிழையின்றிக் கணிக்குமா என்பதை எங்ஙனம் அறிவது? அந்நாள் வரும்வரை காத்திருத்தல் இயலுமா? அன்று பிழை நேரின் இழப்புறுவோர் கடன்பட்டோரேயன்றோ!

இதற்குத் தீர்வு, சார்புகளைப் புறத்திருந்து வழங்குதலாகும். மாட்டின் பௌலர் 2004இல் எழுதிய கட்டுரையால் ‘டிபென்டன்சி இன்ஜெக்சன்’ என்னும் பெயர் இதற்கு நிலைபெற்றது. வகுப்பிலிருந்து பொருளை உருவாக்கும்போதே, ‘கன்ஸ்ரக்ரர்’ என்னும் ஆக்கியின் வாயிலாகக் கடிகாரத்தையும் அதனிடம் கையளித்தல் வேண்டும். 2014இல் வெளிவந்த ஜாவா 8, இதற்கு ஏற்ற ‘குளொக்’ வகுப்பைத் தந்துள்ளது. சோதனையின்போது, 2024 பெப்ரவரி 29இல் நிலைநிறுத்திய கடிகாரத்தைக் கொடுக்கலாம். வரும் விடையை, நாம் முன்னரே கையாற் கணித்த விடையோடு ஒப்புநோக்கலாம்.

‘ஸ்பிரிங்’ போன்ற சட்டகங்கள் சார்புகளைத் தாமே வழங்குவன. எனினும், அவற்றை வகுப்பினுள் மறைவாகப் புகுத்தவிடாது, ஆக்கியின் வாயிலாகப் பெறுதலே தக்கது. அங்ஙனம் செய்யின் சோதனைக்குச் சட்டகமும் வேண்டா. இளம் நிரலாளர் இதனைத் தொடக்கத்திலேயே பயின்றுகொள்ளுதல் நலம்.