டைரக்ட் கொடுப்பது ரிப்பேர் ஆகாது

பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய பிக்கப் வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் பலவற்றில் ஒரே ஏற்பாடுதான் இருக்கும். சாவித் துவாரத்தில் சாவி சும்மா தொங்கும், அல்லது முறிந்த சாவியின் மிச்சம் உள்ளேயே சிக்கிக் கிடக்கும். டேஷ்போர்டில் துளை போட்டு ஒரு டாகிள் சுவிட்சும் அதன் பக்கத்தில் ஒரு புஷ் பட்டனும் பொருத்தியிருப்பார்கள். சுவிட்சைத் தட்டினால் ஆன், பட்டனை அழுத்தினால் செல்ஃப் எடுக்கும். ஒர்க்‌ஷாப்பில் இதற்கு ‘டைரக்ட் கொடுப்பது’ என்று பேர். காய்கறி லோடு ஏற்றிய வண்டி விடியற்காலையில் சாவி திரும்பாமல் நின்றுவிட்டால், ஆட்டோ எலக்ட்ரீஷியன் செய்யக்கூடிய முதலுதவி அது. மார்க்கெட்டுக்குச் சரக்கு போய்ச் சேர வேண்டும், அதில் தப்பே கிடையாது. ஆனால் அந்த முதலுதவியையே வைத்தியம் என்று நம்பி வருடக்கணக்கில் ஓட்டுகிறோம். குட்டி யானையோ, பொலேரோ பிக்கப்போ, தோஸ்த்தோ, வண்டி பழசாகிவிட்டது என்பதற்காக இதை ஏற்றுக்கொள்ளக் கூடாது. கெட்டுப்போன இக்னிஷன் லாக்கை முறையாக மாற்றுவதுதான் சிக்கனம், அதுதான் பாதுகாப்பும்.

வெளியே தெரிவது சாவித் துவாரம் ஒன்றுதான் என்றாலும் அதற்குப் பின்னால் மூன்று வேலைகள் நடக்கின்றன. முன்னால் இருப்பது பூட்டு. ஓர் உலோக உருளைக்குள் வரிசையாக மெல்லிய பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றையும் தள்ளிப் பிடிக்கச் சின்னஞ்சிறு ஸ்பிரிங். சரியான சாவி உள்ளே போனதும் அதன் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் உருளையின் விளிம்புக்குச் சமமாகக் கொண்டுவரும், அப்போதுதான் உருளை திரும்பும். அந்த உருளையின் வால் பின்னால் உள்ள சுவிட்சைச் சுழற்றுகிறது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் செம்புத் தொடுமுனைகள் இடம் மாறி, பேட்டரி மின்சாரத்தை எப்போது எங்கே அனுப்ப வேண்டுமோ அங்கே அனுப்புகின்றன. மூன்றாவது, ஸ்டியரிங் தண்டை ஒட்டி ஒளிந்திருக்கும் இரும்புக் கட்டை. சாவியை உருவியதும் அது தண்டில் உள்ள பள்ளத்துக்குள் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளும். இந்த மூன்றும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து இருந்தவை அல்ல. சாவியைத் திருப்பியே ஸ்டார்ட் செய்யும் முறையைக் கிரைஸ்லர் நிறுவனம் 1949-ல் கொண்டுவந்தது. அதுவரை பெரும்பாலான வண்டிகளில் சாவி ஓரிடம், ஸ்டார்ட்டர் பட்டன் வேறிடம். திருட்டைத் தடுக்க ஸ்டியரிங் பூட்டோடு சேர்த்துச் சாவியை ஸ்டியரிங் தண்டுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் மாற்றியது 1969 மாடல்களில். டைரக்ட் கொடுத்த வண்டி இந்த வரலாற்றில் பின்னோக்கிப் போய் நிற்கிறது. மூன்று வேலைகளில் ஒன்றை மட்டும் அரைகுறையாகச் செய்துகொண்டு மற்ற இரண்டையும் கைவிட்டுவிடுகிறது.

ஆகவே முதலில் தெரிய வேண்டியது, கெட்டது இந்த மூன்றில் எது என்பது. அதைக் கண்டுபிடிக்காமல் நேராக ஸ்பேர் கடைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். சாவி உள்ளே போகிறது, ஆனால் திரும்பவில்லை என்றால், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்சக்கரம் ஒரு கல்லிலோ மேட்டிலோ சாய்ந்து நின்றால் அந்த இரும்புக் கட்டை பள்ளத்தில் இறுகிவிடும். லாக்கில் குறையே இருக்காது. அடுத்து, வீட்டில் பீரோவில் கிடக்கும் இரண்டாவது சாவி. தினம் பயன்படுத்தும் சாவியின் வெட்டுகள் வருடக்கணக்கில் தேய்ந்து வழுவழுப்பாகிவிடும். புழங்காத சாவிக்கு லாக் ஒழுங்காகத் திரும்பினால் செலவு ஒரு சாவி வெட்டும் கூலியோடு முடிந்தது. தேய்ந்த சாவியைக் கொடுத்து டூப்ளிகேட் வெட்டினால் தேய்மானமும் அப்படியே நகலாகும் என்பதால், வெட்டுவதற்கும் இரண்டாவது சாவியைத்தான் கொடுக்க வேண்டும். துவாரத்தில் என்ஜின் ஆயிலோ தேங்காய் எண்ணெயோ விடுகிற பழக்கமும் உண்டு. அன்றைக்கு இளகும், அப்புறம் ரோட்டுப் புழுதி எண்ணெயோடு சேர்ந்து பசையாகித் தகடுகளை ஒட்டவைத்துவிடும். பென்சில் முனையில் இருப்பது போன்ற கிராஃபைட் தூள்தான் அங்கே போட வேண்டியது.

சாவி நன்றாகத் திரும்புகிறது, வண்டி மட்டும் மௌனமாக இருக்கிறது என்றால் பூட்டில் கை வைக்கவே தேவையில்லை. பேட்டரி முனைகளும் எர்த்தும் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு டெஸ்ட் லேம்பை எடுத்தால் போதும். பல வண்டிகளில் சுவிட்சின் பின்புறம் 30, 15, 50 என்று எண்கள் இருக்கும். ஜெர்மன் டின் 72552 தரநிலையிலிருந்து வந்தவை இவை. 30 பேட்டரியிலிருந்து எப்போதும் வருகிற மின்சாரம். 15 சாவி ஆனில் இருக்கும்போது உயிர் பெறும். 50 ஸ்டார்ட்டுக்குத் திருப்பும்போது மட்டும். 30-ல் விளக்கு எரிந்து, சாவியைத் திருப்பியும் 15-ல் எரியவில்லை என்றால் சுவிட்ச் போய்விட்டது. மூன்றிலும் எரிந்தால் சுவிட்ச் நல்லது; கோளாறு ஃபியூஸ், ரிலே, செல்ஃப் மோட்டார் என்று வேறெங்கோ இருக்கிறது. பல மாடல்களில் இந்தச் சுவிட்சை மட்டும் ஒன்றிரண்டு திருகாணிகளைக் கழற்றித் தனியாக மாற்ற முடியும். பூட்டும் பழைய சாவியும் அப்படியே இருக்கும். இது தெரியாமல் முழு லாக்கையும் கழற்றி எறிவதும், முழு லாக் விலை அதிகம் என்று பயந்து டைரக்ட் கொடுப்பதும் ஒரே அறியாமையின் இரண்டு பக்கங்கள்.

சுவிட்ச் ஏன் இப்படிக் கெடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். செல்ஃப் எடுக்கும் அந்த ஓரிரு நொடியில் ஸ்டார்ட்டரின் சொலினாய்டு பெரிய மின்னோட்டத்தை இழுக்கும், டீசல் வண்டியில் இன்னும் அதிகம். இடையில் ரிலே இல்லாத பழைய வயரிங்கில் அவ்வளவும் சாவி சுவிட்சின் சிறிய செம்பு முனைகள் வழியாகத்தான் போகிறது. ஒவ்வொரு தடவையும் நுண்ணிய பொறி பறந்து முனை கொஞ்சம் கருகும். இதோடு ஆனில் வருகிற வயரைப் பிய்த்துக் கூடுதல் விளக்கு, பாட்டுப் பெட்டி என்று எல்லாவற்றையும் அதில் மாட்டினால் கருகும் வேகம் கூடும். புதுச் சுவிட்ச் போடும்போது செல்ஃப் வழியில் ஒரு ரிலேயையும் சேர்த்துவிட்டால், ரிலேயின் சுருள் கால் ஆம்பியர்கூட இழுக்காது என்பதால், சுவிட்சுக்கு வேலைப்பளு ஒன்றுமில்லாமல் போகும். மாற்றுகிற அன்றைக்கே இதைச் செய்யாவிட்டால் புதுசும் பழசின் வழியில்தான் போகும்.

ஸ்பிரிங்கைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஸ்டார்ட்டிலிருந்து கையை எடுத்ததும் சாவி தானாக ஆனுக்குத் திரும்புவது ஒரு ஸ்பிரிங்கால். அது தளர்ந்தால் சாவி ஸ்டார்ட்டிலேயே ஒட்டிக்கொள்ளும், என்ஜின் ஓட ஆரம்பித்த பிறகும் செல்ஃப் மோட்டார் கூடவே சுழன்று எரிந்துபோகும். லாக்கைவிட அது அதிகச் செலவு. இன்னொரு ஸ்பிரிங், சாவியை ஆன் நிலையில் பிடித்து நிறுத்துவது. இவ்வளவு சிறிய பொருளில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பதில் வைத்திருந்தது. அந்த நிறுவனத்தின் சில கார்களில் சுவிட்சின் பிடிப்பு போதாமல், சாவிக் கொத்தின் எடையாலோ ரோட்டின் குலுக்கலாலோ ஓடும்போதே சாவி ஆனிலிருந்து நழுவியது. என்ஜின் நின்றது, பவர் ஸ்டியரிங் இறுகியது, மோதும்போது ஏர்பேக் விரியவில்லை. அந்தச் சுவிட்சுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டவை சுமார் 26 லட்சம் வண்டிகள். நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. நம் ஊர் பிக்கப்களில் பலவற்றுக்கு ஏர்பேக்கே கிடையாதே என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் மலைப்பாதை இறக்கத்தில் லோடு வண்டியின் என்ஜின் நின்றால் பிரேக்குக்கு வேக்குவம் உதவி தீர்ந்துபோகும் என்பது ஏர்பேக் இல்லாத இந்த பிக்கப்களுக்கும் பொருந்தும். பூஜை மணி, வீட்டுச் சாவி, கடைச் சாவி எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் மாட்டித் தொங்கவிடுவது தகடுகளையும் ஸ்பிரிங்கையும் தின்கிறது. வண்டிச் சாவியைத் தனியாக வைத்துக்கொள்வதற்கு ஒரு பைசா செலவில்லை.

டைரக்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் வலுவான வாதம் ஒன்று உண்டு. விலை உயர்ந்த கார்களிலேயே இப்போது பட்டன்தானே, பழைய லாரிகளும் பட்டனில்தானே ஓடின என்பார்கள். நல்ல தடிமன் வயர், ஃபியூஸ், ரிலே எல்லாம் வைத்து ஒழுங்காகக் கட்டிய பட்டனில் மின்சார ரீதியாகக் குறை சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதுக் கார் பட்டனுக்குப் பின்னால் சாவியின் சிப்பை அடையாளம் பார்க்கும் கருவி இருக்கிறது. பழைய லாரியின் ஸ்டியரிங் தண்டில் பூட்டுக் கட்டையே இல்லை. நம் பிக்கப்பில் பட்டன் வந்த பிறகும் அந்தக் கட்டை அங்கேயே, ஸ்பிரிங் விசையோடு காத்திருக்கிறது. டைரக்ட் கொடுத்த வண்டியில் அதைத் தடுத்து வைத்திருப்பது பெரும்பாலும் ஆன் நிலையில் விடப்பட்ட தேய்ந்த சாவியோ முறிந்த துண்டோதான். தகடுகள் தேய்ந்த உருளை தளர்ந்து ஆடும். குலுக்கலில் அது பின்னால் சுழன்று துண்டும் நழுவினால், அடுத்த வளைவில் பள்ளம் நேருக்கு வரும்போது கட்டை பாயும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இது எல்லா வண்டிக்கும் நடக்கும் என்று சொல்லவில்லை. நடக்கக்கூடிய நிலையில் ஒரு வண்டியை, அதுவும் பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியை, தெரிந்தே ஓட்டலாமா என்பதுதான் கேள்வி. தீயும் இதில் சேரும். அவசரத்தில் இழுத்த டைரக்ட் வயரில் ஃபியூஸ் இருப்பது அபூர்வம். கம்பெனி போட்ட சுவிட்சுக்குள்ளேயே ஷார்ட் ஆகி, நின்ற வண்டிகூடப் பற்றிக்கொள்ளலாம் என்பதற்காக ஃபோர்டு நிறுவனம் 1996-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 87 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவற்றில் எஃப் வரிசை பிக்கப்களும் அடக்கம்.

அடுத்த ஆட்சேபணை, சாமான் கிடைக்காது, கிடைத்தாலும் கதவுக்கு ஒரு சாவி வண்டிக்கு ஒரு சாவி என்று இரண்டு சுமக்க வேண்டும் என்பது. ஓடுகிற மாடல்களுக்கு லாக் செட் என்று இக்னிஷன், இரண்டு கதவு, டீசல் டேங்க் மூடி எல்லாம் ஒரே சாவியில் வருவது உண்டு, சென்னை ஜி.பி. ரோடு போன்ற ஸ்பேர் கடை வீதிகளில் மாடலும் வருடமும் சொல்லிக் கேட்கலாம். செட் வேண்டாம் என்றால், கைதேர்ந்த சாவிக்காரர் புது உருளையின் தகடுகளை இடம் மாற்றிப் பழைய சாவிக்கே பொருந்தவைப்பார். புதுப்பேட்டையில் பழைய லாக் வாங்கலாமா? வேறு வழியே இல்லாத மாடலுக்கு வாங்கலாம், ஆனால் தயக்கத்தோடுதான். அதுவும் ஒரு பழைய வண்டியில் தேய்ந்ததுதான், அதன் இரண்டாவது சாவி யார் கையில் இருக்கிறது என்பதும் தெரியாது. இன்ஷூரன்ஸையும் யோசிக்க வேண்டும். வண்டி திருடுபோனால் கம்பெனி பொதுவாக முதலில் கேட்பது இரண்டு சாவிகளையும்தான். டாகிள் சுவிட்சில் ஓடிய வண்டிக்காரர் அங்கே எதை எடுத்து வைப்பார்? லாக் மாற்றினால் பில்லையும் புதுச் சாவிகள் இரண்டையும் பத்திரப்படுத்தி, கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டால் அந்தச் சிக்கல் வராது.

நேரம் இல்லை என்பதற்கும் வழி இருக்கிறது. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டி வருடா வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு நிற்கத்தான் போகிறது. அதற்காக அடிக்கும் பெயின்ட் காய்கிற நேரத்தில் இந்த வேலை முடிந்துவிடும். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஸ்டியரிங் தண்டின் பிளாஸ்டிக் உறையைத் திறந்தால், பெரும்பாலான மாடல்களில் லாக்கைத் தண்டோடு கவ்விப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகள் தெரியும். அவற்றுக்குத் தலை இருக்காது. திருடன் ஸ்பானர் போட முடியாதபடி, இறுக்கும்போதே தலை முறிந்து விழும் வகையில் செய்தவை. சின்ன உளியை ஓரத்தில் வைத்து மெதுவாகத் தட்டித் திருப்பியோ, நடுவில் துளை போட்டோ எடுக்க வேண்டும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் தண்டின் பேரிங் பாழாகும். சுவிட்சை வயரிங்கோடு இணைக்கும் கப்ளரின் உள்ளே பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறி இருந்தால் கப்ளரையும் மாற்றாமல் புது லாக்கை அதில் செருகக் கூடாது. சாவியில் சிப் உள்ள பிற்கால மாடல் என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவு செய்தால்தான் வண்டி ஏற்கும்.

புது லாக்கைப் பொருத்திப் புது போல்ட்டுகளைக் கையால் மட்டும் இறுக்கிவிட்டு, பேட்டரியை இணைத்து எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். ஆனில் மீட்டர் விளக்குகளும் ஹீட்டர் விளக்கும் வருகின்றனவா, ஸ்டார்ட்டிலிருந்து விட்டதும் சாவி தானாகத் திரும்புகிறதா, ஆஃப் செய்ததும் என்ஜின் உடனே நிற்கிறதா, என்ஜின் ஓடும்போது சாவியை உருவ முடியாமல் இருக்கிறதா. பிறகு என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பினால் கட்டை ‘டக்’ என்று விழ வேண்டும். சாவியைப் போட்டுத் திருப்பியதும் முழுதாக விலகி, ஸ்டியரிங் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எங்கும் உரசாமல் சுற்ற வேண்டும். எங்காவது லேசாக உரசினாலும் லாக்கைத் தளர்த்தி நேராக்கி மறுபடி பார்க்க வேண்டும். போல்ட்டுகளின் தலையை முறிப்பது அதற்கு அப்புறம்தான்.