துருப்பிடித்த குழாய் எவ்வளவு தாங்கும்?

துருப்பிடித்த எரிவாயுக் குழாய் என்றதும் உடனே மாற்றிவிட வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால், இந்த எஃகுக் குழாய்கள் மண்ணுக்கடியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்கின்றன. துரு கண்ட இடமெல்லாம் தோண்டினால் செலவு தாங்காது. தோண்டாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. எந்த இடத்தை உடனே சரிசெய்ய வேண்டும், எதை விட்டுவைக்கலாம்? பொறியியல் மாணவர்களாகிய நாங்கள் கற்கும் சுவையான கணக்குகளில் இதுவும் ஒன்று.

கொதிநீரில் போட்ட சாசேஜ் நீளவாக்கில் பிளப்பதைக் கவனித்திருப்பீர்கள். குழாயும் அப்படித்தான். உள்ளிருக்கும் அழுத்தம் குழாயின் சுவரை நீளவாக்கில் இழுப்பதைவிடச் சுற்றுவாக்கில் இரு மடங்கு இழுக்கிறது. அதனால் அரிப்பின் ஆழத்தோடு, அது குழாயின் நீளவாக்கில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதையும் அளக்க வேண்டும். குழி சிறியதென்றால் சுற்றியுள்ள தடித்த எஃகு சுமையைப் பகிர்ந்துகொள்ளும். பள்ளம் நீண்டுவிட்டால் அதன் நடுப்பகுதிக்கு அந்த உதவி எட்டாது.

அரிப்புண்ட குழாய்களை அழுத்தமேற்றி வெடிக்க வைத்து, அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கொரு சூத்திரம் கண்டனர். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் அதை 1984இல் ‘பி31ஜி’ என்ற பெயரில் வெளியிட்டது. 762 மில்லிமீட்டர் விட்டமும் 10 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள குழாயில் பாதித் தடிப்பு அரிக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். அரிப்பின் நீளம் 25 மில்லிமீட்டர் என்றால், அச்சூத்திரப்படி சுமார் 98 விழுக்காட்டு வலிமை எஞ்சும். நீளம் 300 மில்லிமீட்டர் ஆனால் சுமார் 74 விழுக்காடுதான். ஆழம் இரண்டிலும் ஒன்றே!

ஆனால், அளவு தெரிந்தால்தான் சூத்திரம் பயன்படும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், கார்ல்ஸ்பாட் நகருக்கு அருகே 2000 ஆகஸ்ட் 19ஆம் நாள் ஓர் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பற்றியது. அருகில் கூடாரமிட்டுத் தங்கியிருந்த 12 பேர் மாண்டனர். 1950இல் பதிக்கப்பட்ட அக்குழாயின் சுவர், உட்புற அரிப்பால் ஓரிடத்தில் 72 விழுக்காடு தேய்ந்திருந்தது. உள்ளே ஓடி அரிப்பை அளக்கும் ‘பிக்’ என்ற கருவி அப்பகுதியில் செல்ல வழியே இல்லை.

இன்று குழாயின் வலிமையைக் கணிக்கச் செயற்கை நுண்ணறிவையும் பயன்படுத்துகிறார்கள். அதற்கும் சரியான அளவுகள் தேவை. கணினியில் கணக்குப் போடும் திறமையோடு, களத்தில் இறங்கி அளந்து பார்க்கும் பொறுமையும் இருந்தால்தான் இத்துறையில் நல்ல பொறியாளராக முடியும்.